சாலிட் பிளாக் சுவரை நாமே கட்டலாமா? கலவை, தண்ணீர், ஜாயிண்ட் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: வீட்டுக்குப் பின்பக்கம் 40 அடி நீளம், 5 அடி உயரத்தில் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும். 6 இன்ச் சாலிட் பிளாக் (உள்ளே ஓட்டையில்லாத கான்கிரீட் கல்) போடலாம் என்று எண்ணம். உதவிக்கு ஒரு ஆளை மட்டும் வைத்துக்கொண்டு நானே கட்ட முடியுமா? கலவை என்ன விகிதம்? செங்கல்லை ஊறவைப்பது மாதிரி இதையும் ஊறவைக்க வேண்டுமா? எங்கள் தெருவில் பிளாக் சுவர் பாதிக்கு மேல் வெடித்திருக்கிறதே, அது ஏன்?

முடியும். பில்லரையும், பில்லர்களை இணைத்துச் சுவருக்கு அடியில் ஓடும் பெல்ட் கான்கிரீட்டையும் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கல் அடுக்குவதை நீங்கள் செய்யலாம். செங்கல் கட்டுவதைவிட பிளாக் கட்டுவது புதியவருக்கு எளிது. கல் பெரிது, அடுக்க வேண்டிய வரி குறைவு, நூல் பிடித்தால் கோணாது. ஆனால் கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் மற்றதைத் தொடங்கக் கூடாது. அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

செங்கல் சூளையில் வெந்தது. சூளையை விட்டு வந்த பிறகு அது சுருங்குவதில்லை. கான்கிரீட் பிளாக் அப்படி இல்லை. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகிய பொருள் என்பதால் ஈரம் குடித்தால் கொஞ்சம் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். அச்சிலிருந்து எடுத்த முதல் சில வாரங்களில் இந்தச் சுருக்கம் அதிகம். பட்டறையில் அடுக்கி வைத்திருக்கும்போது ஒவ்வொரு கல்லும் தன் பாட்டுக்குச் சுருங்கிக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. சுவரில் ஏறிய பிறகு சுருங்கினால் கல்லெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் சுவர் முழுக்க இழுவை வரும். கான்கிரீட் மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. எங்கே பலவீனமோ அங்கே பிளந்துகொள்ளும்.

உங்கள் தெருச் சுவர்களை ஒரு நடை போய்ப் பாருங்கள். வெடிப்பு நெட்டுக்குத்தாக, மேலிருந்து கீழே ஏறக்குறைய ஒரே அகலத்தில் இறங்கினால் அது சுருக்கத்தால் வந்தது. படிக்கட்டு மாதிரி ஜாயிண்ட் (கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கலவை நிற்கும் இடம்) வழியாக ஏறி, ஒரு முனையில் விரலளவு அகன்றிருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது. கோயம்புத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இந்த இரண்டாவது வகை சாதாரணம். மழையில் மண் பெருக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மேலே இருக்கிற சுவரும் கூடவே ஏறி இறங்கும். அதற்குக் கலவையில் மருந்து கிடையாது. அங்கே பில்லர் குழியைக் கரிசல் தாண்டி கெட்டி மண் வரை இறக்கி, பில்லர்களைப் பெல்ட்டால் இணைத்து, சுவரின் பாரம் பெல்ட் மேல் உட்காரும்படி செய்ய வேண்டும்.

முதல் வகை வெடிப்பு நம் கையில் இருக்கிறது. பிளாக் வேலையில் நான் சொல்லப்போகிற எல்லாமே, கல்லுக்குள் தேவையில்லாத தண்ணீர் போகாமல் பார்ப்பது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். செங்கல்லில் பழகிய கொத்தனார்களில் பலர் பிளாக்கையும் தொட்டியில் முக்கி எடுப்பார்கள், இல்லாவிட்டால் ஓஸ் பைப்பால் அடுக்கு முழுக்கத் தண்ணீர் அடிப்பார்கள். செங்கல்லுக்கு அது சரி. காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அதனால் ஊறவைக்கிறோம். பிளாக்கை ஊறவைத்தால் பெருத்த நிலையில் சுவரில் ஏறுகிறது, பிறகு காய்ந்து சுருங்குகிறது, சுவர் வெடிக்கிறது. ஹாலோ பிளாக் (நடுவில் ஓட்டை விட்ட கான்கிரீட் கல்) கட்டுமானத்துக்கான ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2572 நடைமுறை விதியும் கட்டுவதற்கு முன் கல்லை நனைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் கல் தொட முடியாத அளவு சுட்டால், கலவை படுகிற முகத்தில் மட்டும் கையால் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். அது தூசியையும் அடக்கும். அதற்கு மேல் வேண்டாம்.

கல் வாங்கும்போது விலைக்கு முன்னால் வயதைக் கேளுங்கள். குறைந்தது 14 நாள் ஈரத்தில் வைத்து, அப்புறம் 4 வாரம் உலர்த்தி, அதற்குப் பிறகே கல் வேலைக்கு வர வேண்டும் என்பது கான்கிரீட் பிளாக்குக்கான ஐ.எஸ். 2185 தரநிலை. நடைமுறையில் பல பட்டறைகளில் போன வாரம் போட்ட கல்லை இந்த வாரம் ஏற்றிவிடுவார்கள். கருத்து, ஈரமாக, கனத்து இருந்தால் புதுக்கல். உங்களுக்கு இடம் இருந்தால் முன்கூட்டியே வாங்கி, தரையில் நேராக வைக்காமல் பலகைமேல் இடைவெளி விட்டு அடுக்கி, மழை வந்தால் மட்டும் மேலே தார்ப்பாய் போட்டு, ஒரு மாதம் சும்மா விடுங்கள். காசு செலவில்லாமல் சுவரின் தரத்தைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தரம் பார்க்க ஆணியால் மூலையைக் கீறுங்கள். மாவாக உதிர்ந்தால் சிமெண்ட் போதவில்லை, கிரஷர் தூசியில் செய்த கல். வண்டியிலிருந்து இறக்கும்போதே விளிம்பு விளிம்பாக உடைந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

அளவையும் பாருங்கள். தரநிலைப்படி 400 மி.மீ. கல்லின் உண்மை நீளம் 390, உயரம் 190, 10 மி.மீ. ஜாயிண்ட் சேர்ந்து 400, 200 ஆகும். நம் ஊர்ப் பட்டறைகளில் சிலர் ஜாயிண்டுக்குக் கழிக்காமல் முழு 16க்கு 8 இன்ச் அச்சிலேயே போடுகிறார்கள். பத்துக் கல்லை அளந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஜாயிண்டோடு வரிக்கு 8 இன்ச் என்றால் 5 அடிச் சுவருக்கு ஏழரை வரி வரும், அரை வரி வெட்டுவது வீண் வேலை. 7 வரியோடு நிறுத்தினால் 4 அடி 8 இன்ச். மேலே 4 இன்ச் கோப்பிங் (சுவரின் தலையை மூடும்) கான்கிரீட் போட்டால் 5 அடி கணக்காக முடியும். 40 அடியில் பில்லர்களைக் கழித்தால் வரிக்கு 27 கல், மொத்தம் 190 பக்கம். உடைசலுக்குச் சேர்த்து 200 வாங்குங்கள். 6 இன்ச் சாலிட் கல் ஒன்று 22, 23 கிலோ இருக்கும். அதாவது நீங்களும் உங்கள் ஆளும் கையால் தூக்கப்போவது 4 டன்னுக்கு மேல். இடுப்பு வலி உள்ளவர்கள் இந்த இடத்தில் ஹாலோ பிளாக் பற்றி யோசிக்கலாம். அதே அளவில் கனம் கணிசமாகக் குறையும்.

இப்போது கலவை. 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் போதும். முதல் வரியை மட்டும் 1:4 அல்லது 1:5இல் வையுங்கள், மண்ணின் ஈரம் தொடுகிற இடம் அது. 4 இன்ச் தடுப்புச் சுவர் என்றாலும் 1:4. மற்றபடி 'கூட ஒரு சட்டி சிமெண்ட் போட்டால் கெட்டியாக இருக்குமே' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிமெண்ட் கூடினால் சுருக்கமும் கூடும். தவிர, கலவை கல்லைவிட வலுவாகிவிட்டால், சுவர் அசையும்போது வெடிப்பு ஜாயிண்டில் போகாமல் கல்லையே பிளந்துகொண்டு போகும். ஜாயிண்டில் வந்த மயிரிழை வெடிப்பைச் சுரண்டி நிரப்பிவிடலாம். பிளந்த கல்லை என்ன செய்வது? கலவை கல்லைவிடக் கொஞ்சம் மெலிதாக இருப்பதுதான் சுவருக்கு நல்லது.

சிமெண்ட் பி.பி.சி. (சாம்பல் கலந்த போர்ட்லண்ட் சிமெண்ட்) போதும். 53 கிரேடு ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்) இந்த வேலைக்கு அனாவசியம். வேகமாக இறுகும், சூடும் அதிகம். மூட்டையில் எந்த வாரம், எந்த மாதம் தயாரானது என்று அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். 3 மாதம் தாண்டிய மூட்டையில் வலு குறைந்திருக்கும். கை விட்டால் மாவு மாதிரி குளிர்ச்சியாக, கட்டியில்லாமல் இருக்க வேண்டும். விரலில் நசுக்கினால் உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

மணலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல சுவர்கள் கெட்டுப்போவது இங்கேதான். ஆற்று மணல் இப்போது எளிதாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டாது. எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) நன்றாகவே வேலை செய்யும், அது எம்-சாண்டாக இருந்தால். கிரஷரில் மிஞ்சும் தூசியையும் அதே பெயரில் விற்கிறார்கள். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் அலசினால் உண்மை தெரியும். தண்ணீர் பால் மாதிரி கலங்கி, நெடுநேரம் தெளியாமலே நின்றால் தூசி அதிகம். தூசி கூடினால் தண்ணீர் கூடக் கேட்கும், தண்ணீர் கூடினால் சுருக்கம். பூச்சுக்கு விற்கும் பி-சாண்டை மட்டும் வைத்துக் கல் கட்டுவதும் இதே காரணத்தால் நல்லதல்ல, அது மிக நைசு. எம்-சாண்ட் சொரசொரவென்று கரணையில் நிற்காமல் வழுக்கினால் ஆறு பங்கில் இரண்டு பங்கு பி-சாண்ட் சேர்த்துப் பாருங்கள், கலவை பிடிப்பாக வரும். எதுவானாலும் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. ஜாயிண்டில் ஒரே ஒரு சிப்ஸ் கல் மாட்டினாலும் பிளாக் மட்டம் உட்காராது, தட்டத் தட்ட ஆடும். ஆற்று மணல் கிடைத்தவர்கள் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி மணல், மேலே உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மேலே படியும் வண்டலை அளந்து பார்க்கலாம். மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் வண்டல் இருந்தால் அலசாமல் பயன்படாது. கடற்கரை மணலும், உப்புக் கரிக்கும் போர் தண்ணீரும் கூடவே கூடாது. பில்லர் கம்பி துருப்பிடிக்கும், சுவரில் வெள்ளை பூக்கும்.

அளப்பதற்கு மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். ஈர மணல் மண்வெட்டியில் கூம்பாக நிற்கும், சிமெண்ட் வழிந்துவிடும்; ஆறு மண்வெட்டிக்கு ஒன்று என்பது ஒருநாளும் 1:6 ஆகாது. ஒரே வாளியால் இரண்டையும் தலை தட்டி அளங்கள். 50 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய 35 லிட்டர், நம் கணக்கில் ஒன்றே கால் கன அடி. ஈரம் பட்ட மணல் அளவில் உப்பிக்கொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள். மழைக்கு மறுநாள் ஆறு வாளி அள்ளினால் உண்மையில் ஐந்து வாளிக்குப் பக்கமான மணல்தான் உள்ளே போகும். அன்றைக்கு ஒரு வாளி கூட்டிப் போடுங்கள்.

எவ்வளவு கலப்பது? 5 லிட்டர் வாளியில் ஒரு வாளி சிமெண்ட், ஆறு வாளி மணல் என்றால் 6 இன்ச் கல் 25க்கு வரும். முதல் நாள் நீங்கள் மணிக்கு 10 கல் வைத்தாலே பெரிய விஷயம். எனவே ஆரம்பத்தில் இதில் பாதியை மட்டும் கலக்குங்கள். தண்ணீர் பட்டதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கலவை தீர்ந்துவிட வேண்டும், வெயில் காலத்தில் ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வெயிலில் கொஞ்சம் இறுகினால் ஒரு தெளிப்புத் தண்ணீர் விட்டுப் பிரட்டலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்து, வந்து பார்த்தால் கட்டியாகிவிட்டதா? தண்ணீர் ஊற்றிக் குழப்பி மறுபடி பயன்படுத்தக் கூடாது. பார்ப்பதற்குக் கலவை மாதிரிதான் இருக்கும், பிடிப்பு இருக்காது. குப்பையில் கொட்டுங்கள். மொத்த வேலைக்கு 2 மூட்டை சிமெண்டும் 10 கன அடி மணலும் தாராளம்.

கலப்பது மண் தரையில் வேண்டாம். தகரம் அல்லது பழைய பிளைவுட் விரித்து, மணல் மேல் சிமெண்டைக் கொட்டி, தண்ணீரில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று தரம் பிரட்டுங்கள். வரி வரியாகத் தெரியாமல் முழுக்க ஒரே நிறம் வந்தால்தான் தண்ணீர். நடுவில் பாத்தி கட்டி, வேண்டும் என்று தோன்றுவதில் முக்கால்வாசித் தண்ணீரை மட்டும் விட்டு, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிக் கலந்து, மீதியைத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். பதம் பார்க்கக் கரணையில் ஒரு வீச்சு அள்ளி, கையை ஒரு உதறு உதறிப் படியவைத்து, கரணையைச் சாய்த்துப் பிடியுங்கள். உடனே வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. உதிர்ந்து விழுந்தால் போதவில்லை. ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு தயங்கித் தயங்கிச் சரிந்தால் சரி. பிளாக் கனமானது என்பதால் செங்கல் கலவையைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருப்பது நல்லது. தண்ணீராக இருந்தால் கல்லின் பாரத்தில் கலவை பிதுங்கி, ஜாயிண்ட் 10 மி.மீ. நிற்காமல் 4, 5 மி.மீ. ஆகிவிடும். வழவழப்புக்காகத் துணி துவைக்கும் பவுடர் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காற்றுக் குமிழி எவ்வளவு புகும் என்று யாருக்கும் பிடிபடாது, வலு போய்விடும். வழவழப்பு வேண்டுமென்றால் அந்தக் காலத்துச் சுண்ணாம்பே மேல்: 1 பங்கு சிமெண்ட், 1 பங்கு நீற்றிச் சலித்த சுண்ணாம்பு, 6 பங்கு மணல். தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒட்டும் நன்றாக ஒட்டும். ஆனால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும் ஊராக இருக்க வேண்டும்.

ரப்பர் கையுறை போடாமல் கலவையைத் தொடாதீர்கள். ஈர சிமெண்டின் காரம் மெதுவாகத்தான் தெரியும். சாயங்காலம் விரல் நுனி வெந்து போயிருக்கும். கல்லைக் கட்டிங் மெஷினில் அறுக்கும்போது மூக்குக்கு நல்ல மாஸ்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

கட்டத் தொடங்குவதற்கு முன் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாக நிற்கும் சுவருக்கு, மேலே கூரையோ தளமோ பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஐ.எஸ். 1905 விதி இத்தகைய சுவரின் உயரத்தை அதன் தடிமனோடு சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது: காற்றழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் தடிமனைப் போல் 10 மடங்கு வரை போகலாம், காற்று கூடக் கூட அது 7, 5, 4 மடங்கு என்று இறங்கும். உங்கள் 6 இன்ச் சுவர் 5 அடி என்பது சரியாக 10 மடங்கு. தானே, கஜா புயல்களைப் பார்த்த கடலூர், வேதாரண்யம் பக்கம் இதைப் பில்லர் இல்லாமல் நிறுத்துவது பைத்தியக்காரத்தனம். மற்ற ஊர்களிலும் 10 அடிக்கு ஒரு பில்லர் வேண்டும். உங்களுக்கு 5 பில்லர். சுவருக்கு அந்தப் பக்கம் மண் மேடாக இருந்தால் இந்தப் பதிலையே மறந்துவிடுங்கள். மண்ணைத் தாங்கும் சுவர் வேறு வகை, அதைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில், விடாத மழையில் ஓர் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். சுற்றுச்சுவர்தானே என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எல்லைக் கல் எங்கே என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டு, முடிந்தால் சர்வேயரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டிய சுவரைப் பக்கத்து வீட்டுக்காரர் இடிக்கச் சொன்னால் கலவை விகிதம் காப்பாற்றாது.

பில்லர் விஷயத்தில் என் விருப்பம்: கம்பியை மட்டும் நிறுத்திவிட்டு, முதலில் சுவரைக் கட்டி, அதற்குப் பிறகு பில்லர் கான்கிரீட் ஊற்றுவது. சுவரின் முனைகள் ஒரு வரி உள்ளே, ஒரு வரி வெளியே என்று பல் விட்டு நின்றால் கான்கிரீட் அதற்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கம் மட்டும் பலகை அடைத்தால் போதும். பில்லரை முதலில் போட்டுவிட்டால் வழவழப்பான முகத்தில் வெறும் கலவை ஒட்டி நிற்கும், வெடிப்பு வரும் முதல் இடம் அதுதான். ஏற்கெனவே போட்டிருந்தால் மூன்று வரிக்கு ஒரு முறை பில்லரில் துளையிட்டுக் கம்பித் துண்டைச் செருகி, படுக்கை ஜாயிண்டுக்குள் ஓரடி போல நீட்டிவிடுங்கள்.

40 அடியை ஒரே துண்டாகவும் கட்டாதீர்கள். 20 அடியில் வரும் நடுப் பில்லரின் ஒரு பக்கத்தில் பல் விடாமல், கலவை வைக்காமல், நேராக அரை இன்ச் இடைவெளி விட்டு, பின்னால் அதை சீலண்ட்டால் அடைத்துவிடுங்கள். காற்றுக்குச் சுவர் அந்த முனையில் ஆடாமல் இருக்க, மூன்று வரிக்கு ஒரு கம்பி அந்த இடைவெளியைத் தாண்டட்டும். அதன் ஒரு பாதிக்குக் கிரீஸ் தடவிப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டால் சுருக்கத்துக்கு வழி விட்டுக்கொண்டே சுவரையும் பிடிக்கும். சுவர் எங்கேயாவது பிளக்கத்தான் போகிறது என்றால் நாம் சொன்ன இடத்தில் பிளக்கட்டும்.

இனி கல் வைப்பது. பெல்ட் மேல் தூசி, காய்ந்த சிமெண்ட் பால் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம்) பிடித்து எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பாருங்கள். முதல் வரி முழுவதையும் கலவை இல்லாமல் ஒருமுறை பரப்பிப் பார்ப்பது அவசியம். ஜாயிண்டுக்குச் சுண்டுவிரல் தடிமன் விட்டு அடுக்கினால் எங்கே வெட்டுக்கல் வரும் என்று தெரிந்துவிடும். 3 இன்ச் துண்டு ஒன்று முனையில் மாட்டுவதைவிட எல்லா ஜாயிண்டையும் ஒரு நூல் அளவு (அரைக்கால் இன்ச்) கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுவது நல்லது. சுவர் திரும்பும் மூலை இருந்தால் 3-4-5 அடிக் கணக்கில் (ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும்) டேப் பிடித்துச் செங்கோணம் பாருங்கள், மூலைமட்டம் நீளச் சுவருக்குப் போதாது.

முதல் வரியின் படுக்கைக் கலவையை ஒரு இன்ச் வரை தடித்துப் போடலாம், பெல்ட்டின் ஏற்ற இறக்கத்தை இந்த வரியிலேயே தீர்த்துவிட வேண்டும். இரண்டாவது வரியிலிருந்து 10 மி.மீ. மட்டும். ஒரு ரீப்பர் கட்டையில் வரிக்கு ஒரு கோடு கிழித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வரியும் ஏறுவது சரியா என்று நொடியில் பார்த்துவிடலாம். இரண்டு முனையிலும் முதலில் மூன்று வரியைப் படியாக ஏற்றி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துச் சரிபார்த்து, அந்த முனைகளுக்கு இடையில் நூல் கட்டி நடுவை நிரப்புங்கள். கல் நூலைத் தொடக் கூடாது, ஒரு மயிரிழை உள்ளே நிற்க வேண்டும். தொட்டால் நூல் தள்ளிக்கொண்டே போய், முப்பதாவது அடியில் சுவர் வயிறு தள்ளி நிற்கும்.

கலவையை இரண்டு மூன்று கல் நீளத்துக்கு மேல் முன்கூட்டியே பரப்பாதீர்கள். வெயிலில் மேல்தோல் காய்ந்து பிடிப்புப் போய்விடும். வைக்கப்போகும் கல்லைத் தரையில் நிறுத்தி, அதன் முனை முகத்தில் கலவையை அப்பி, அழுத்தி ஒட்டவைத்து, பிறகு தூக்கிப் பக்கத்துக் கல்லோடு நெருக்கி இறக்குங்கள். இந்த நெட்டு ஜாயிண்ட் விஷயத்தில்தான் கூலிக்குக் கட்டுபவர்கள் அதிகம் ஏமாற்றுவார்கள்: கல்லை வெறுமனே அடுக்கிக்கொண்டு போய்விட்டு, அப்புறம் இடுக்கில் கரணையால் நாலு குத்துக் கலவையைத் திணிப்பார்கள். வெளியே நிரம்பியது போல் தெரியும், உள்ளே பொந்து. மழைத்தண்ணீர் புகுவது அதன் வழியாகத்தான். கல் இறங்கியதும் கரணைக் கைப்பிடியாலோ ரப்பர் சுத்தியலாலோ மட்டத்துக்குத் தட்டுங்கள். நீள வாக்கில், குறுக்கு வாக்கில், நூலோடு, மூன்றையும் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து 'அந்தக் கல் கொஞ்சம் வெளியே தெரியுதே' என்று தட்டி உள்ளே தள்ளினால் ஜாயிண்ட் உள்ளுக்குள் விட்டுவிடும், மறுபடி ஒட்டாது. அப்படித் தெரிந்தால் கல்லையே எடுத்து, பழைய கலவையைச் சுரண்டிவிட்டு, புதுக் கலவையில் வையுங்கள்.

மேல் வரியின் நெட்டு ஜாயிண்ட் கீழ்க் கல்லின் நடுவில் விழ வேண்டும். அதற்கு ஒன்றுவிட்டு ஒரு வரியை அரைக் கல்லில் தொடங்குங்கள். அரைக் கல் பட்டறையிலேயே கிடைத்தால் வாங்கிவிடுங்கள், அறுப்பதில் நேரமும் கல்லும் வீணாகும். ஹாலோ பிளாக் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு: ஓட்டையின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் இருக்கும். தடித்த பக்கம் மேலே வர வேண்டும், அப்போதுதான் அடுத்த வரிக் கலவை உட்கார இடம் கிடைக்கும்.

ஒரு நாளில் ஐந்து வரிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஈரக் கலவை மேல் பாரம் கூடினால் அடி ஜாயிண்ட் பிதுங்கும், சுவர் சாயவும் சாயும். உங்கள் 7 வரிக்கு நிதானமாக நாலைந்து நாள் ஆகட்டும். பூசப்போகிற சுவர் என்றால் அன்றன்று சாயங்காலம், கலவை விரல் பதியாத அளவு இறுகியதும், ஜாயிண்டை அரை இன்ச்சுக்குக் குறையாமல் சுரண்டிவிடுங்கள். பூசாமல் விடுகிற சுவர் என்றால் சுரண்டாமல் வளைந்த கம்பியால் அழுத்தித் தேய்த்து இறுக்குங்கள், தண்ணீர் தங்காது. கேட் விளக்குக்கு ஒயர் போக வேண்டுமென்றால் பைப்பைப் பில்லர் வழியாகக் கொண்டுபோங்கள். 6 இன்ச் சுவரில் குறுக்கே காடி வெட்டினால் ஒரு இன்ச்சுக்கு மேல் ஆழம் போகக் கூடாது, வெட்டாமலே இருப்பது இன்னும் நல்லது.

தண்ணீர் விடுவதிலும் செங்கல் பழக்கம் வேண்டாம். மறுநாளிலிருந்து காலை, மாலை கைத் தெளிப்பானால் ஜாயிண்ட் ஈரமாகிற அளவு தெளியுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் சாக்கைத் தொங்கவிட்டு அதை நனையுங்கள். பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாள். ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டினால், ஒரு மாதம் காயவைத்த கல் மறுபடி பெருத்துவிடும். பில்லருக்கும் பெல்ட்டுக்கும் மட்டும் தாராளமாகத் தண்ணீர் விடலாம், அது வேறு கணக்கு.

கடைசியாகக் கோப்பிங். இதை விட்டுவிட்டுப் பூச்சுக்குப் போகிறவர்கள் உண்டு, இரண்டு மழையில் சுவரின் தலை கறுத்துப் பாசி பிடித்துவிடும். சுவரைவிட இரண்டு பக்கமும் 2 இன்ச் வெளியே நீட்டி, மேல் முகத்தை உங்கள் பக்கமாகச் சாய்த்து, நீட்டலின் அடியில் ஒரு சின்ன காடி விடுங்கள். தண்ணீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். 20 அடியில் சுவருக்கு விட்ட இடைவெளியைக் கோப்பிங்கிலும் அதே நேரில் விட வேண்டும். பூச்சு வேலையைக் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். பூசும்போது பில்லரும் கல்லும் சேரும் இடங்களில் ஓரடி அகலத்துக்குக் கோழி வலையை ஆணியடித்து இறுக்கி, அதன் மேல் பூசச் சொல்லுங்கள். நடுவில் விட்ட இடைவெளியின் மேல் மட்டும் வலையும் வேண்டாம், பூச்சும் வேண்டாம். பூச்சுக்காரர் அழகுக்காக அதையும் சேர்த்து இழுத்துவிடுவார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.